மாடிவீட்டு மாஷிமாவின் ஃப்ரிட்ஜ்

அந்த ஃப்ரிட்ஜைத் திறந்ததும் மீன்வாசனை முகத்தில் வந்து மோதும். அதற்குப் பின்னால் அரைத்த கடுகின் காரம், அதற்கும் பின்னால் மண்சட்டியில் உறைந்த இனிப்புத் தயிரின் மணம். வெளிர்ப்பச்சை நிறம், ஒற்றைக் கதவு. சாத்த வேண்டுமென்றால் முழங்காலால் ஓர் இடி கொடுக்க வேண்டும். எனக்கு மேல்தட்டு எட்டாது. பக்கத்தில் கிடக்கும் பிரம்பு மோடாவை இழுத்துப்போட்டு ஏறி, ஐஸ் பெட்டிக்கு நேர் கீழே இருக்கும் தட்டில், செய்தித்தாள் சுற்றிய பொட்டலங்களைத் தாண்டிக் கையை உள்ளே விட்டால், ஆழத்தில் எங்கள் வீட்டு எவர்சில்வர் சம்புடம் தட்டுப்படும். அதற்குள்தான் என்னை வளர்க்கும் ஊசி மருந்து இருந்தது. சாயங்காலம் ஆனால் மாடிக்குப் போய் அதை எடுத்துக்கொண்டு வருவது என் வேலை. வெங்காயம்கூட நாள் பார்த்துச் சேர்க்கிற வீட்டுப் பெண்ணின் மருந்து மீனோடு மீனாக ஏன் அங்கே கிடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். சொல்லவே அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் போன மாதம் நடந்ததற்குப் பிறகு, சொல்லாமல் இருப்பது அதைவிட அலுப்பாக இருக்கிறது.

அப்பாவுக்குக் கார்டன் ரீச்சில் ரயில்வே அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், கீழ்வீட்டில் நாங்கள் மூன்று பேர். மாடியில் வீட்டுக்காரர்கள். வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்த்தார், வருஷத்தில் பாதி நாள் கண்ணிலேயே படமாட்டார். ஒரே மகளை அசன்சோலில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். ஆகவே மாடியில் பெரும்பாலும் அந்த அம்மாள் மட்டும்தான். அம்மாவின் கூடப்பிறந்தவளை அழைப்பதுபோல அக்கம்பக்கத்துப் பெண்களை மாஷிமா என்று அழைப்பது கல்கத்தாவில் வழக்கம். எனக்கு அவர் மாஷிமா. அம்மாவுக்குத் தீதி, அதாவது அக்கா. அம்மாவின் வங்காளியும் மாஷிமாவின் இந்தியும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. இருந்தாலும் இரண்டு பேரும் மாடிப்படியில் நின்றுகொண்டு மணிக்கணக்கில் பேசுவார்கள். என்ன புரிந்ததோ அவர்களுக்கே வெளிச்சம்.

நான் குள்ளம். சுற்றி வளைத்துச் சொல்லிப் பயனில்லை. கொஞ்சம் குட்டை, பிறகு வளர்ந்துவிடும் என்று அத்தைமார்கள் சமாதானம் சொல்லும் வகை அல்ல. பதினொரு வயதில் ஆறு வயதுக் குழந்தையின் உயரம். உயரம்கூடப் பரவாயில்லை, முகமும் வளரவில்லை. நெற்றி மட்டும் உருண்டையாகப் புடைத்துக்கொண்டு, குட்டி மூக்கு, உள்ளே ஒடுங்கிய மோவாய், அந்தச் சின்னத் தாடையில் இடம் போதாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்ற பற்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் அசல் கடை பொம்மை. மாஷிமா எனக்கு வைத்த செல்லப்பெயரே புதுல், அதாவது பொம்மை. துர்கா பூஜைப் பந்தலில் முன்பின் தெரியாதவர்கள் கன்னத்தைக் கிள்ளுவார்கள். பின்னங்கள் கூட்டத் தெரிந்த பெண்ணுக்குப் பலூன் வாங்கிக் கையில் திணிப்பார்கள். பஸ்ஸில் எனக்கு டிக்கெட்டே கேட்டதில்லை. என் வகுப்புப் பெண்கள் தாவணியும் துப்பட்டாவும் பேசிக்கொண்டிருக்கும்போது, அவர்களுடைய அம்மாக்கள் என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளப் பார்த்தார்கள். அந்த எரிச்சலை இப்போது நினைத்தாலும் எரிகிறது.

அப்பா என்னை அழைத்துக்கொண்டு போன மருத்துவருக்கு எங்கள் வீட்டில் ஊசி டாக்டர் என்று பெயர். ரத்தம் எடுத்தார், மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தார், மூளைக்கு அடியில் இருக்கும் ஒரு சுரப்பி வளர்ச்சி ஹார்மோனைப் போதுமான அளவு சுரக்கவில்லை என்றார். தினம் ஓர் ஊசி, வருஷக்கணக்கில். எலும்பின் நுனிகள் மூடிக்கொள்ளும்வரைதான் இந்த மருந்துக்கு வேலை. பெண்குழந்தை, பெரியவளாகிவிட்டால் கொஞ்ச காலத்தில் நுனிகள் மூடிவிடும், அதற்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு என்று சொன்னார். பல்லையும் தாடையையும் பார்க்கப் பவானிபூரில் இருந்த இன்னொரு மருத்துவரிடம் அனுப்பினார். அவர் பல் டாக்டர். மருந்து ஏற ஏறத் தாடையும் வளரும், வளர்கிறபோதே கிளிப் போட்டு முன்னால் கொண்டுவந்துவிடலாம், வளர்ச்சி நின்றுவிட்டால் பிறகு கத்திதான் என்று அவர் சொன்னார். ஆக எனக்கு இருந்தது ஒரு குறிப்பிட்ட காலம். அதற்குள் உயரமும் வர வேண்டும், முகமும் வர வேண்டும். அப்பா தன் பிராவிடன்ட் ஃபண்டிலிருந்து கடன் எடுத்தார், பதவி உயர்வோடு வந்த மாற்றலை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தார்.

மருந்தைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இருந்தது, நன்றாகவே ஓடியது. அம்மாதான் முட்டுக்கட்டை போட்டாள். ஊரிலிருந்து யாரோ ஒரு மன்னி ஃபோனில் எதையோ சொல்லிவைத்திருந்தாள்.

"செத்தவா மண்டைக்குள்ளேர்ந்து எடுக்கறதாமே இது. பாலும் தயிரும், ஸ்வாமிக்கு நைவேத்தியத்துக்கு வெச்சிருக்கற வெண்ணெயும் இருக்கற எடத்துல இதை எப்படி வெக்கறது?"

"அதெல்லாம் அந்தக் காலம்டி. இப்போ ஃபாக்டரியில பண்றா. டாக்டர்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே" என்றார் அப்பா.

"சொன்னார், எனக்கும் புரிஞ்சுது. மனசு ஒப்பலையே, என்ன பண்ணச் சொல்றேள்?"

அம்மா மருந்தை வேண்டாம் என்று சொல்லவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஊசி குத்துவதற்கு நர்ஸிடம் கற்றுக்கொண்டவளும் அவள்தான். அவள் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. குத்தி முடித்ததும் குளித்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவாள், அவ்வளவுதான். என் உடம்புக்குள் போகலாம், வெண்ணெய்க்குப் பக்கத்தில் உட்காரக் கூடாது. இந்த நியாயத்தை அப்பா பல தடவை கேலி செய்தும் அம்மா அசையவில்லை. கடைசியில் மாடிக்குப் போய், எங்கள் ஃப்ரிட்ஜ் அடிக்கடி நின்றுவிடுகிறது தீதி, உங்களிடம் வைக்கலாமா என்று கேட்டாள். மீன் இருக்கிற பெட்டியில் எது இருந்தால் என்ன என்பது அவள் கணக்கு.

"ஓ மா, இதுக்கெல்லாம் கேக்கணுமா? புதுல் வளரப்போறா, அவ மருந்துக்கு எங்க வீட்ல எடம் இல்லையா?" என்று மாஷிமா உடனே ஃப்ரிட்ஜைக் காலி செய்ய ஆரம்பித்துவிட்டார்.

அன்றிலிருந்து சாயங்காலங்கள் மாஷிமாவினுடையவை ஆயின. பள்ளிக்கூடம் விட்டு வந்து முகம் கழுவிக்கொண்டு மாடிக்குப் போவேன். நான் மோடாவில் ஏறிச் சம்புடத்தை எடுப்பதற்கு முன்னால் மாஷிமா என்னைக் குழல்விளக்குக்குக் கீழே நிறுத்தி, இரண்டு விரலால் மோவாயைப் பிடித்து, முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பார். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பாரே, அதே கவனம். என்னை எல்லாரும் சுவரோரம் நிறுத்தி உயரம்தான் பார்த்தார்கள். முகத்தைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். "நேத்தைக்கு இன்னைக்கு ஒரு அரிசி நீளம் வந்திருக்கு" என்பார். புளுகு என்று எனக்கும் தெரியும். ஆனாலும் கீழே இறங்கும்போது கண்ணாடியில் பார்த்துக்கொள்ளாமல் இருக்க முடியாது. சம்புடத்தைக் கொண்டுவந்ததும் அம்மா உடனே ஊசி போடமாட்டாள். குளிர்ந்த மருந்து வலிக்கும். விளக்கேற்றி, சுலோகம் சொல்லி முடிக்கும்வரை சம்புடம் மூடியபடியே ஜன்னலோரம் இருக்கும். வைகாசி ஆனி மாதத்துக் கல்கத்தாவில் ஜன்னலோரம் அரைமணி இருந்தால் எதுவும் வெதுவெதுப்பாகிவிடும்.

முதல் வருஷம் நன்றாக வளர்ந்தேன். பாவாடைகளின் மடிப்பை அம்மா பிரித்துக்கொண்டே இருந்தாள். முகமும் மாறியது. பல் டாக்டர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலையைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுப்பார். அதை விளக்குப் பெட்டியின்மேல் வைத்து, மேலே கண்ணாடித்தாள் போட்டு, பென்சிலால் தாடையின் ஓரத்தை வரைவார். பழைய தாளைப் புதிய தாளின்மேல் வைத்தால் இரண்டு கோடுகளுக்கும் நடுவே ஓர் இடைவெளி தெரியும். காதுக்குக் கீழிருந்து இறங்கும் எலும்பு நீண்டிருக்கும், மோவாய் முன்னால் நகர்ந்திருக்கும். "இந்த இடைவெளி முழுக்க நீ சம்பாதிச்சது" என்று அவர் அப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். பெருமையாக இருந்தது. அந்த வருஷம் பூஜைக்கு யாரும் பலூன் வாங்கித் தரவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கேட்டபோது அப்பா சிரித்துக்கொண்டே எனக்கும் சேர்த்து எடுத்தார்.

அடுத்த கோடையில்தான் எல்லாம் கெட்டது. ஜாமாய் ஷஷ்டி என்று ஒரு நாள் உண்டு, மருமகனை அழைத்து உட்காரவைத்து விருந்து போடுகிற நாள். வங்காளி வீட்டு மாமியார்களுக்கு அதைவிடப் பெரிய கௌரவப் பிரச்சினை கிடையாது. அந்த வருஷம் மருமகன் அசன்சோலிலிருந்து வருகிறார் என்று மாஷிமா ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே மார்க்கெட்டுக்கும் வீட்டுக்குமாக அலைந்தார். இலிஷ் மீன் வாங்கி அடுக்கினார். அது கெட்டுவிடக் கூடாதே என்று ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் குளிர்த் திருகைக் கடைசிவரை திருகிவைத்தார். விருந்து நடந்தது, மருமகன் போனார், திருகு மட்டும் அப்படியே இருந்துவிட்டது. பின்னாலேயே மழைக்காலம், இலிஷ் மலிந்து கிடக்கும் காலம். மீன் நன்றாக நிற்கிறது என்று அவர் அதைத் தொடவே இல்லை. ஐஸ் பெட்டிக்கு அடியில், ஆழத்தில் இருந்த என் மருந்து இரவில் உறைந்தது, பகலில் மின்சாரம் போகும்போது இளகியது, மறுபடி உறைந்தது. மாதாமாதம் அப்பா வாங்கி வந்த புதுக் குப்பிகளுக்கும் அதே கதி. சாயங்காலம் அம்மா விளக்கேற்றி முடித்து மூடியைத் திறக்கும்போது, உள்ளே தண்ணீர் போலத் தெளிவாகத்தான் இருந்திருக்கும்.

ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. மழைக்காலத்தில் ஊசி டாக்டர் உயரம் பார்த்தபோது குறைவாகத்தான் ஏறியிருந்தது. முதல் வருஷத்துப் பாய்ச்சல் எப்போதும் இருக்காது, பொறுங்கள் என்றார். நானும் பொறுத்தேன். அம்மா பாவாடை மடிப்பைப் பிரிக்கவில்லை. மாஷிமா குழல்விளக்கின் கீழே நிறுத்திப் பார்த்துவிட்டு வழக்கம்போல அரிசி நீளம் சொன்னார். ஒருநாள் மட்டும் சொல்லாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். தீபாவளியை ஒட்டி வரும் காளி பூஜை முடிந்து பவானிபூருக்குப் போனோம். பல் டாக்டர் புதிய தாளை வரைந்து பழையதன்மேல் வைத்தார். நகர்த்திப் பார்த்தார். மறுபடி வைத்தார். இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று அப்படியே படிந்து ஒரே கோடாகத் தெரிந்தன. உயரம் மெதுவாக ஏறலாம், ஆனால் இந்த வயதில் இந்த மருந்து போகிற உடம்பில் தாடை இப்படிச் சுத்தமாக நின்றுவிடாது என்றார். அங்கேயே ஊசி டாக்டருக்கு ஃபோன் போட்டார். இரண்டு பேரும் ஏதோ பேசினார்கள். பிறகு ஃபோனை வைத்துவிட்டு அம்மாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: மருந்தை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

அப்பாதான் சொன்னார். உறைந்துபோயிருந்தால் அது மருந்தே இல்லை, போய்ப் பாருங்கள் என்றார் டாக்டர். டாக்ஸி பிடித்துத் திரும்பி வந்தோம். அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே மாடிக்கு ஏறினாள், நானும் பின்னாலேயே ஓடினேன். அம்மா அந்த ஃப்ரிட்ஜைத் தன் கையால் திறந்தது அதுதான் முதல்முறை. மீன் பொட்டலங்களை வெறும் கையால் தள்ளிவிட்டுச் சம்புடத்தை எடுத்தாள். மூடி பனி பிடித்து இறுகியிருந்தது. நகத்தால் நெம்பித் திறந்தாள். குப்பிக்குள் மருந்து வெள்ளையாகக் கட்டிப்போய்க் கிடந்தது.

மாஷிமா அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். சம்புடத்துக்குள் பார்க்கவில்லை, அம்மா உள்ளங்கையால் மூடிக்கொண்டுவிட்டாள்.

"ரொம்பச் சில்லுனு இருக்கு, இல்ல? ஜாமாய் ஷஷ்டிக்குத் திருகிவிட்டது, அப்படியே விட்டுட்டேன். மீன் என்னமா நிக்குது தெரியுமா! புதுலோட மருந்தும் கெடாம இருக்கும்" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தேன். சொல்லிவிடப் போகிறாள், கத்தப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அம்மாவோ மூடியை மறுபடி போட்டு, சம்புடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "இனிமே எங்காத்துலயே வெச்சுக்கறேன் தீதி" என்று தமிழிலும் பிறகு தன் ஓட்டை வங்காளியிலும் சொன்னாள்.

"ஏன்? உங்க ஃப்ரிட்ஜ்தான் நின்னு நின்னு போகுதே?"

மாஷிமாவின் பார்வை தரையில் தள்ளப்பட்டுக் கிடந்த மீன் பொட்டலங்களுக்குப் போனது. சிரிப்பு மெல்லப் போய்விட்டது.

"மீன் வாசனையா?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அம்மா சொல்லவில்லை. தலையை ஆட்டினாள். "ஆமா தீதி. என்னால முடியலை" என்றாள்.

கீழே வந்ததும் குப்பிகளைக் குழாயடியில் கொட்டினாள். பிறகு எங்கள் ஃப்ரிட்ஜைத் திறந்து, தயிருக்கும் வெண்ணெய்க்கும் பக்கத்தில் இடம் ஒதுக்கித் துடைத்தாள். துடைத்துக்கொண்டே அழுதாள். அப்பா சமாதானப்படுத்தப் போனபோது கையை உதறினாள். "என் கிறுக்குத்தனத்தாலதானே மாடிக்குப் போச்சு? அவ மேல என்ன தப்பு? கொழந்தை கொழந்தைன்னு உசிரா இருக்கா. இந்தக் கொழந்தை வளராததுக்கு தான் காரணம்னு தெரிஞ்சா அவளால தாங்க முடியுமா? தெனம் இவ மூஞ்சியைத்தானே பிடிச்சுப் பிடிச்சுப் பாக்கறா. இனிமே பாக்கறச்சே எல்லாம் அதுதானே தோணும். மீனுக்காகத்தான்னு நெனைச்சுண்டா என்னைத் திட்டிட்டுப் போவா. திட்டட்டும், நான் பட்டுக்கறேன். ஒருத்தரும் வாயைத் தெறக்கப்படாது."

மாஷிமா திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. சந்தில் எல்லாரிடமும் சொல்லிவைத்தார், எத்தனை நாள் பழகினாலும் மதராசி பிராமணர்கள் மீன் என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவார்கள் என்று. எங்கள் கொலுவுக்கு வருவதை நிறுத்தினார். விஜயதசமிக்கு அனுப்பும் தேங்காய் உருண்டை நின்றது. மாடிப்படிப் பேச்சு நின்றது. என்னைப் பார்த்தால் "கீ ரே புதுல்" என்று ஒப்புக்கு நலம் கேட்பார், அவ்வளவுதான்; விளக்குக்குக் கீழே நிறுத்துவதில்லை. எனக்குப் பதின்மூன்று வயது, உள்ளதைச் சொன்னால் உயரம் போனதைவிட அதுதான் அதிகம் வலித்தது. ஒருநாள் அம்மாவிடம் கத்தினேன். "மாடியில இருக்கற யாரோ ஒருத்தி மனசு நோகக் கூடாதுன்னு என் வாயைக் கட்டறே. என் மனசு உனக்குப் பெரிசா இல்லையா?" அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "யாரோ ஒருத்தி இல்லடி அவ" என்றாள்.

புது மருந்து மறுபடி வேலை செய்தது. தாடைக் கோடுகளுக்கு நடுவே மறுபடி இடைவெளி விழுந்தது, கிளிப் பிடித்துக்கொண்டது, பல் ஒழுங்காயிற்று. ஆனால் அந்தத் தை மாதமே நான் பெரியவளாகிவிட்டேன். வீட்டில் புட்டு சுற்றி, பலகாரம் பண்ணிக் கொண்டாடினார்கள். அப்பா மட்டும் வாசலில் போய் நின்றுகொண்டார். அதற்குப் பிறகு வளர்ந்தது கொஞ்சம்தான். மணிக்கட்டு எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு ஊசி டாக்டர் ஒருநாள் போதும் என்றார். அந்த மாதங்கள் வீணாகாமல் இருந்திருந்தால் எவ்வளவு கூடியிருக்கும் என்று அப்பா கேட்டார். யாராலும் சொல்ல முடியாது, ஒன்றுமே இல்லாமலும் இருந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். ஒன்றுமே இல்லை என்பதை நம்பத்தான் முயன்றுகொண்டிருக்கிறேன், நம்ப வரவில்லை. ஐந்தடியை நான் தொடவில்லை. பேங்க்கில் கவுன்டருக்குப் பின்னால் உயர நாற்காலி போட்டு உட்காருகிறேன். எழுந்து நின்றால்தான் வாடிக்கையாளர்களுக்குத் திக்கென்கிறது. முகம் மட்டும் வயதுக்கேற்ற முகம். கூட்டத்தில் யாரும் கன்னத்தைக் கிள்ளுவதில்லை, அந்த மட்டும் லாபம்.

அப்பா ஓய்வு பெற்ற பிறகும் அந்த வீட்டை விட்டு நாங்கள் போகவில்லை. போக வேண்டும் என்று அப்பா பலமுறை சொன்னார், அம்மா தட்டிக்கழித்தாள். பிறகு அப்பா இறந்துபோனார். பிறகு அம்மா படுக்கையில் விழுந்தாள். அவளைத் தூக்கி உட்காரவைக்க என் உயரத்துக்கும் எடைக்கும் நான் பட்ட பாட்டை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு மழைநாளில் அம்மாவும் போனாள். மாடியிலிருந்து மாஷிமா கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். அம்மாவின் தலைமாட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கும்போது என்னிடம், "நல்லவ. ரொம்ப நல்லவ. எங்க மீனைத்தான் அவளால பொறுத்துக்க முடியலை" என்றார். சாவு வீட்டில் எனக்குச் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. நல்லவேளை, அழுகை முந்திக்கொண்டது.

போன மாதம் மாஷிமா சொல்லி அனுப்பினார். வீட்டைப் புரமோட்டரிடம் கொடுத்தாயிற்று, இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப்போகிறார்கள். எனக்குப் பக்கத்துத் தெருவில் வீடு பார்த்தாகிவிட்டது. அவரை மகள் வந்து அசன்சோலுக்கு அழைத்துக்கொண்டு போகிறாள். பேங்க்கிலிருந்து களைத்து வந்து, கைப்பையோடேயே மாடி ஏறினேன். கட்டிலைத் தவிர மற்றதெல்லாம் மூட்டையாகக் கிடந்தது. மகள் பால் வாங்கப் போயிருந்தாள். மாஷிமா பக்கத்தில் உட்காரச் சொன்னார். கட்டில் உயரம், ஏறித்தான் உட்கார்ந்தேன். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க அம்மா இருந்தவரைக்கும் நான் கேக்கலை. இனிமே எனக்கும் கேக்க நாள் இல்லை. உள்ளதைச் சொல்லு புதுல். அன்னைக்கு அந்த மருந்தை எடுத்துட்டுப் போனது மீனுக்காகத்தானா? இல்ல, நான் வேற ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?"

அவர் பேசிக்கொண்டே போனார். "அந்த டப்பாவுக்குன்னு தனியா ஒரு துணி விரிச்சு வெச்சிருந்தேன், உனக்குத் தெரியுமா? மீன் தண்ணி ஒரு சொட்டுப் படக்கூடாதுன்னு தெனம் துடைப்பேன். மருந்து கெட்டுடக் கூடாதுன்னு இருக்கறதுலயே குளிர்ச்சியான எடமாப் பார்த்து, உள்ளே தள்ளி வெச்சேன். அப்படிப் பார்த்துக்கிட்டும் தூக்கிட்டுப் போயிட்டாளேன்னு எத்தனை வருஷம் யோசிச்சிருக்கேன். ராத்திரி தூக்கம் வராதப்ப எல்லாம் இதுதான்."

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. சொல்லிவிட்டால் அம்மாவின் பேர் மீண்டுவிடும். மீனைக் கண்டு முகம் சுளித்த மதராசிக்காரி என்று இந்தச் சந்தில் இத்தனை வருஷம் சுமந்த பேரை, செத்த பிறகாவது இறக்கி வைக்கலாம். பக்கத்தில் எண்பது தாண்டிய ஒரு கிழவி, என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அம்மா மேல் அப்போது வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இப்படி ஒரு வேலையை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாளே என்று இருந்தது.

"மீன்தான் மாஷிமா. வேற ஒண்ணும் இல்லை" என்றேன்.

அவர் மூச்சை நீளமாக விட்டார். தோள்கள் தளர்ந்தன. "பாத்தியா! அப்பவே தெரியும் எனக்கு" என்று தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். அம்மாவை இரண்டு வார்த்தை செல்லமாகத் திட்டினார், போகட்டும் பாவம், அவள் வளர்ந்த வளர்ப்பு அப்படி என்று மன்னித்தும் விட்டார். பிறகு கட்டிலிலிருந்து தரைக்கு எட்டாமல் தொங்கிக்கொண்டிருந்த என் கால்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆனா ஒண்ணு சொல்றேன் புதுல், கோவிச்சுக்காதே. அந்த மருந்தை உங்க அம்மா என்கிட்டயே விட்டு வெச்சிருந்தா, இன்னும் ரெண்டு விரல் உயரம் வளர்ந்திருப்பே நீ."

"வளர்ந்திருப்பேன் மாஷிமா" என்றேன்.